ரயில்வே மீது கேஸ் போட்டால் எதிர்த்தரப்பு யார்? பெயர் மாறினால் வழக்கே நிற்காது!

ஸ்டேஷன், ரயில் பெட்டி, டிக்கெட் என எங்கு பார்த்தாலும் 'தெற்கு ரயில்வே' என்ற பெயர்தான் கண்ணில் படும். ஆனால், இழப்பீடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு என்ற இடத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் வழக்கே தள்ளுபடி ஆகிவிடலாம்!

சாதாரண மக்கள் மட்டுமல்ல, ஒரு மாநில அரசே இதில் சறுக்கியிருக்கிறது. சரக்கு தொடர்பான இழப்பீடு கேட்டு, தெற்கு ரயில்வே பொது மேலாளர் மீது கேரள அரசு வழக்கு போட்டது. மத்திய அரசை அதில் சேர்க்கவில்லை. 'அப்படியொரு வழக்கு செல்லாது' என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏன் இப்படி?

ஒரு கம்பெனி என்றால், சட்டத்தின் பார்வையில் அதுவும் ஒரு 'நபர்'. தன் பெயரிலேயே சொத்து வாங்கலாம். அதன் மீது வழக்கும் போடலாம். இந்திய ரயில்வே கம்பெனி அல்ல, மத்திய அரசின் ஒரு துறை. மத்திய அரசு மீதான வழக்குகளில் 'யூனியன் ஆஃப் இந்தியா' என்ற பெயர் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 300-வது பிரிவு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 79-வது பிரிவும் அதையே சொல்கிறது.

அதனால்தான் மனுக்களில், 'யூனியன் ஆஃப் இந்தியா, பிரதிநிதி: பொது மேலாளர், தெற்கு ரயில்வே, சென்னை' என்று எழுதுகிறார்கள். சிவில் வழக்கு என்றால், பொது மேலாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்கவும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் குடியரசுத் தலைவர்!

ரயில்வேயிடம் கான்ட்ராக்ட் எடுப்பவர்களின் ஒப்பந்தப் பத்திரத்தில் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். அதில் எதிரே இருக்கும் தரப்பு, 'இந்தியக் குடியரசுத் தலைவர்'! மத்திய அரசின் ஒப்பந்தங்கள் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்கிறது 299-வது பிரிவு. கையெழுத்து போடுவது ரயில்வே அதிகாரிதான். பிரச்னை வந்தால் குடியரசுத் தலைவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஒரு காலத்தில் கம்பெனிதான்

பிரிட்டிஷ் ஆட்சியில், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இங்கே ரயில் ஓட்டியது 'சவுத் இந்தியன் ரயில்வே' கம்பெனி. 1944-ல் அது அரசின் கைக்கு வந்தது. மற்ற இரண்டு ரயில்வேக்களுடன் இணைத்து, 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவானது.

இன்றும் ரயில் தொடர்பான எல்லாமே அரசுத் துறை அல்ல. ஐ.ஆர்.சி.டி.சி., கொங்கன் ரயில்வே, சென்னை மெட்ரோ ஆகிய மூன்றும் கம்பெனிகள். சட்டப்படியான பெயரின் முடிவில் 'லிமிடெட்' இருந்தால் அது கம்பெனி. அந்த முழுப் பெயரிலேயே நோட்டீஸ் அனுப்பலாம்.

விபத்து என்றால்?

ரயில் விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பம் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இதற்கென்றே ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. உயிரிழப்புக்கான இழப்பீடு 8 லட்சம் ரூபாய். விபத்து நடந்த 1 வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். தாமதமானால், தகுந்த காரணம் சொல்லி தீர்ப்பாயத்தை ஏற்கவைக்க வேண்டியிருக்கும். இங்கும் மனுவில், 'யூனியன் ஆஃப் இந்தியா, பிரதிநிதி: பொது மேலாளர்' என்று எழுதுவதுதான் வழக்கம்.

மனுவை வக்கீலே தயாரித்தாலும், கையெழுத்து போடும் முன் எதிர்த்தரப்பு பெயரை ஒருமுறை நீங்களும் படித்துப் பாருங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், ஒரு பெயரால் வழக்கு தோற்றுவிடக் கூடாது!