ஆலா என்று ஒரு பெயர்

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் ஒரு பெண் மகவு பிறந்தது. என் மகனும் மருமகளும் அதற்குத் தேர்ந்தெடுத்த பெயர் 'ஆலா'. அன்று தொடங்கிப் பெயர் சூட்டு நாள் வரையில் எங்கள் திண்ணை ஒரு பட்டிமன்றமாகவே மாறிவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பெயர் கூப்பிட்டே காலங்கழித்தவன் நான். ஆதலின் பெயர்களைப் பற்றிச் சில எண்ணங்கள் எனக்கும் உண்டு. உயிரினங்களின் பெயரைப் பெண் மக்களுக்கு இடுவது தகுமா, தகாதா என்பதையே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

ஆலாவை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திராது. அரசலாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில், கார்த்திகை, மார்கழி மாதங்களில் சென்று நில்லுங்கள். புறாவினும் மெலிந்த உடல், கூரிய நீண்ட சிறகுகள், பிளந்த வால் கொண்ட வெண்சாம்பற் பறவைகள் நீரின்மேல் அலைந்துகொண்டிருக்கும். அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் சற்றே சிறகடித்து நின்று, கல் விழுந்தாற்போல் நீரில் விழுந்து, மீனோடு எழும். மீசை ஆலா, ஆற்று ஆலா என அவற்றில் இனங்கள் பல. அவற்றுள் வடதுருவ ஆலா என்பது ஆண்டுதோறும் வடமுனையருகிலிருந்து தென்முனைப் பனிக்கடல் வரை சென்று திரும்புகிறது. அதன் ஓராண்டுப் பயணம் ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் என்பதை, அதன் காலில் சிறு கருவியைப் பொருத்தி அறிந்திருக்கிறார்கள். பறவையின் எடையோ நூறு கிராம் அளவே. என் மருமகள் உயிரியல் படித்தவள். இந்தச் செய்தியில் மனத்தைப் பறிகொடுத்துத்தான் அவள் இப்பெயரைத் தேர்ந்தாள்.

நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். எனக்கு இந்தப் பறவை வேறு வகையில் பழக்கம். ஆலாக் கூட்டம் எங்கே விழுகிறதோ அங்கே மீன்கூட்டம் உண்டென்று என் தந்தையார் கட்டுமரத்தைத் திருப்புவார்.

இனி, எழுந்த மறுப்புகளைக் கேளுங்கள். என் மனைவி கூறியது: "பேராசை கொண்டு பதறி அலைபவரை 'ஆலாய்ப் பறக்கிறான்' என்று சொல்வதில்லையா? நாளைக்குப் பள்ளியில் பிள்ளைகள் இவளை என்ன சொல்வார்கள்?" இது எளிதில் தள்ளத்தக்க மறுப்பன்று. அந்த வழக்கு இப்பறவையிலிருந்தே பிறந்தது என்பர். வயிற்றுக்காக நாளெல்லாம் உழைக்கும் ஒரு பறவையைப் பார்த்து, அதற்குப் பேராசை என்று பெயரிட்டவர்கள் நாமே. பிரான்சில் பல்லாண்டு வாழ்ந்து ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், "பிரெஞ்சு மொழியில் 'ஆ லா' என்பது ஒரு தொடரின் முற்பாதி, குழந்தையை அழைத்துவிட்டு, மிச்சத்தையும் சொல்லுங்கள் என்பார்கள்" என்று சிரித்தார். அடுத்த வீட்டு இசுலாமிய நண்பரோ, அரபு மொழியில் அவ்வொலியுடைய பெயர் ஒன்று உண்டென்றும், அருட்கொடைகள் என்பது அதன் பொருளென்றும் கூறி மகிழ்ந்தார். மூன்று மொழிகள் புழங்கிய காரைக்காலில் ஒரு பெயர் படும் பாடு இது.

உயிரினப் பெயர் நமக்குப் புதிதா? மீனாட்சியும் அங்கயற்கண்ணியும் மீன் போன்ற கண்ணுடையவள் என்ற பொருளினரே. நந்தினி, வசிட்டரின் பசு. அன்னம், மயில், கிளி, குயில் ஆகியவற்றோடு 'அம்மாள்' சேர்த்த பெயர்கள் நம் பாட்டிமார் தலைமுறையில் மிகுதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் மக்களுக்கு நரசிம்மன் என்று சிங்கத்தையும், வேங்கையன் என்று புலியையும் கொடுத்தோம். பெண் மக்களுக்கு அழகாய் நடப்பதையும், இனிதாய்க் கூவுவதையும், சொன்னதைத் திருப்பிச் சொல்வதையும் கொடுத்தோம். உழைக்கிற உயிர், தொலைதூரம் செல்கிற உயிர் எதனையும் பெண்ணுக்கு நாம் எளிதில் கொடுத்ததில்லை. இது எனக்கு உடன்பாடன்று.

இதற்குச் சிறந்த விலக்கு சங்க காலத்திலேயே உண்டு. தலைவன் வரவைக் கரைந்து அறிவித்த காக்கைக்கு எவ்வளவு சோறிட்டாலும் தகும் என்ற கருத்தமையப் பாடிய பெண்பாற் புலவர் நச்செள்ளையார். அந்தக் குறுந்தொகைப் பாட்டால் அவர் காக்கைபாடினியார் ஆனார். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவரும் அவரே. காக்கையைத் தம் பெயரில் சுமந்தவரை எவரும் நகைத்ததாகத் தெரியவில்லை. (பிசிராந்தையார் பெயரில் ஆந்தை இருக்கிறதே என்று ஒரு மாணவன் கேட்டான். அது பறவையன்று, ஆதன் தந்தை என்பதன் மரூஉ என இலக்கணம் கூறும்.)

பிற நாட்டிலும் இவ்வாறே. விவிலியத்தில் இசுரவேலரின் நீதித்தலைவியாக விளங்கிய தெபோராளின் பெயருக்குத் தேனீ என்று பொருள். ஏழைகளுக்கு ஆடை தைத்தளித்த தபீத்தாளின் பெயருக்குப் பெண்மான் என்று பொருள். ஓவியர் பிக்காசோவுக்கு 1949 ஏப்ரலில் ஒரு மகள் பிறந்தபோது, பாரிசு நகரில் உலக அமைதி மாநாடு கூடும் தறுவாய். அதன் சுவரொட்டியில் இருந்தது அவர் வரைந்த புறா. மகளுக்கு, இசுபானிய மொழியில் புறாவைக் குறிக்கும் பலோமா என்றே பெயரிட்டார். பிரெஞ்சு நாட்டிலோ 1803ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாட்காட்டியிலுள்ள பெயர்களையும் பழைய வரலாற்றினர் பெயர்களையும் மட்டுமே பதிவேட்டில் ஏற்கச் சொன்னது. பெற்றோர்க்கு முழு உரிமை கிடைத்தது 1993இல்தான். இன்றும் ஒரு பெயர் குழந்தையின் நலனுக்கு ஊறு என்று பதிவாளர் கருதினால், அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிக்கலாம். பெற்றோரின் விருப்பமா, குழந்தையின் நலமா என்ற வினா அங்கும் தீர்ந்தபாடில்லை.

அந்த வினாவை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. நான் பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில், பறவைப் பெயருடைய ஒரு சிறுமி இருந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை நான் அழைக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து பறவைக் குரல் ஒன்று கிளம்பும். வகுப்பு சிரிக்கும். ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் அவள் 'உள்ளேன் ஐயா' என்பதை நிறுத்திக்கொண்டு கையை மட்டும் உயர்த்தினாள். பின்னாளில் அவள் அரசிதழில் அறிவிப்புச் செய்து பெயரை மாற்றிக்கொண்டாள். அப்பெயரில் குற்றம் ஏதுமில்லை. பெயரை அழைத்த குரலில்தான் குற்றம் இருந்தது. அந்தக் குரல் என்னுடையது. ஆகவே, அரிய பெயர் வேண்டாம் என்று நான் என் மகனிடம் சொல்லவில்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியரிடம் பொருளைச் சொல்லிவிடு, அவர் அதை வகுப்புக்குச் சொல்லட்டும் என்றேன்.

மிகக் கடினமான மறுப்பு என் தமக்கையாரிடமிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கரையில் அமர்ந்து வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த அவர் கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. "கடலுக்குரியதன் பெயரை வீட்டுக்குள் வைத்துக் கூப்பிட வேண்டுமா, தம்பி?" என்று அவர் கேட்டார். அவ்வளவே. அதற்கு இலக்கணமும் இல்லை, வரலாறும் இல்லை. மருமகள் பெயரை மாற்றிக்கொள்ளவும் ஒருப்பட்டாள். இரண்டு நாள் கழித்து அக்காளே வந்து, "அவர் ஆலாவைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார். உங்கள் விருப்பம்போல் வையுங்கள், நான் மட்டும் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்" என்றார்.

பிறப்பைப் பதிவு செய்தபின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை. எனவே நாங்கள் அவசரப்படவில்லை. ஆங்கில எழுத்தில் முதலில் ஓர் 'ஏ'யா, இரண்டா என்பதில் மட்டும் ஒரு வாரம் சென்றது. ஒன்றெழுதினால் 'அலா' என்று குறுகிவிடும் என நான் வாதாடி இரண்டாக்கினேன்.

சென்ற மார்கழியில் அக்காள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்திருந்தார். பறவைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. விரலை நீட்டி, "பாப்பா, அதோ ஆலா பார்" என்றார். குழந்தை பறவையைப் பார்க்கவில்லை. தன் பெயரைக் கேட்டதும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது.