செருப்போடு நடங்கள்

நான் நடக்கச் சொல்லி அனுப்பிய சர்க்கரை நோயாளிகளில் சிலர் பாதத்தில் புண்ணோடு திரும்பி வருகிறார்கள். அதுவும் உடனே வருவதில்லை. மஞ்சள் அரைத்துப் போட்டு, மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு பூசி, நாற்றம் தாங்காமல் வீட்டில் சண்டை வந்த பிறகுதான் வருகிறார்கள். ஏன் இத்தனை நாள் என்று கேட்டால், "வலிக்கவே இல்ல சார், அதான் விட்டுட்டேன்" என்பார்கள். வலிக்காததுதான் ஆபத்து. பல வருடச் சர்க்கரை பாதத்தை மரத்துப்போக வைத்துவிடும். ஆணி ஏறினாலும் தெரியாது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். இங்கிருந்து வரும் நோயாளியின் காலில் இருப்பதோ குதிகால் தேய்ந்து அப்பளமாகிப்போன ரப்பர் செருப்பு.

கம்பெனி வேலை நடை ஆகாது

"நாள் பூரா கம்பெனில நிக்கிறேன், இன்னும் என்ன நடக்கச் சொல்றீங்க?" என்று கோபப்படுகிறார்கள். நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் வேறு, நடப்பது வேறு. ஊர் முனையில் கம்பெனி பஸ் ஏறி, மெஷின் முன்னால் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்து, அதே பஸ்ஸில் திரும்பும் பெண்ணுக்குக் கால் வீங்குகிறது, சர்க்கரை குறைவதில்லை. நடந்தால் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். பேச முடியலாம், பாட வரக்கூடாது. அந்த வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேர்ந்தாற்போல நேரம் கிடைக்காதவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் தெருவில் நடக்கலாம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி நடந்தவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு உணவுத் திருத்தமும் நடையும் சேர்ந்தால் மாத்திரைக்குச் சமம் என்றுதான் இதற்குப் பொருள். ஏற்கெனவே வந்துவிட்டவர், "நடக்கிறேனே" என்று மாத்திரையை நிறுத்துவதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. ஆவாரம்பூ கஷாயத்தை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

கூழாங்கல்லும் எட்டு நடையும்

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை போட்டாலும் போட்டார்கள், சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு அதில் ஏறிவிடுகிறார்கள். பாதத்தில் உள்ள புள்ளிகளை அழுத்தினால் கணையம் வேலை செய்யுமாம். செய்யாது. உணர்ச்சி போன காலில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால் தோல் கன்றும், உள்ளே ரத்தம் கட்டும், பிறகு புண்தான். எட்டுப் போட்டு நடக்கிறீர்களா? தாராளமாக நடங்கள், அதுவும் நடைதான், செருப்போடு. மே மாத மொட்டைமாடியில் வெறுங்காலோடு எட்டுப் போட்டால், காலில் கொப்புளம் கிளம்பியதுகூடத் தெரியாது.

அடுத்தது கால் ஆணி. ஒருவர் எருக்கம்பால் விட்டு வருகிறார். இன்னொருவர் தோல் சீவும் கத்தியாலேயே அதைச் சீவிக்கொண்டு வருகிறார். கை தேர்ந்த தொழிலாளிதான், கத்தியும் கூர்மையானதுதான். ஆனால் சீவியது தன் சதை என்று கால் அவருக்குச் சொல்லவில்லை. மரத்த காலை வெந்நீரில் ஊறவைத்து வெந்துபோனவர்களும் உண்டு. தயவுசெய்து இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

நம் ஊர்ச் செருப்பு

சர்க்கரையைப் போலவே தொழுநோயும் காலை மரத்துப்போக வைக்கும். அந்த நோயே சதையை அழுக வைக்கிறது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற காலில் படும் அழுத்தமும் காயமுமே புண்ணாகிறது என்று எடுத்துக் காட்டினார். சி.எம்.சி.யிலும் கரிகிரி தொழுநோய் மையத்திலும் நடந்த வேலையால் மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு பரவலானது. இன்று மரத்த காலுள்ள சர்க்கரை நோயாளிக்கு எழுதித் தருவதும் அதைத்தான். "அது குஷ்டரோகி செருப்பாச்சே, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று தட்டிக்கழிக்கிறார்கள். விரலை எடுத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை, பாத உணர்ச்சி, இதயம் மூன்றையும் பரிசோதித்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு விடிகாலையோ, பொழுது சாய்ந்த பிறகோதான் சரி. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். நெஞ்சு இறுக்கினால் அங்கேயே உட்காருங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடிக்காதீர்கள். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சைஸ் சின்னதை வாங்கிக் காலைத் திணிக்காதீர்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு திரும்பியதும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது தெரிந்தாலும், வலிக்காவிட்டாலும், மறுநாளே வாருங்கள். மறுநாள் வந்தால் கட்டுப்போட்டு அனுப்பலாம்.