அடைமழைக்கு முன் அரை மாத உணவு

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டிய மழையில், மலையடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது.

இத்தகைய நாட்களில் கடைக்குப் போக வழி இராது, மின்சாரமும் இராது. வீட்டில் மூட்டை இருந்தும் அது நனைந்துவிட்டால் பயனில்லை. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் அரை மாத உணவைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

எவ்வளவு தேவை?

ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம், 50 கிராம் பருப்பு என்று கொண்டால், 5 பேர் உள்ள குடும்பத்திற்கு 15 நாளைக்கு 30 கிலோ தானியமும் சுமார் 4 கிலோ பருப்பும் வேண்டும். உப்பு, எண்ணெய், புளி, மிளகாய், வெல்லம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளவும்.

நெல்லாகவும் சாமையாகவும் வைத்தால் நெடுநாள் கெடாது என்பது உண்மையே. ஆனால் மின்சாரம் இல்லாதபோது ரைஸ்மில் ஓடாது. எனவே இந்த 30 கிலோவை மட்டும் அரைத்துத் தயாராக வைப்பது நல்லது. பச்சரிசியை விடப் புழுங்கல் அரிசி நன்கு தாங்கும். நன்றாகக் காய்ந்த கேழ்வரகைப் பூச்சி எளிதில் அண்டாது. ஏந்திரம் இல்லாதவர்கள் மழைக்கு முன் 2 கிலோ மாவு அரைத்துக் கொள்ளலாம்.

ஈரமே எதிரி

தானியத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு காய்ந்த பொடி உப்பும் மூன்று பங்கு தானியமும் போட்டு நன்கு குலுக்கவும். சிறிது நேரம் கழித்து, உப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டியிருந்தால் இன்னும் காயவேண்டும் என்று பொருள். காய்ந்த தானியத்தைச் சூட்டோடு கொட்டக்கூடாது. நிழலில் ஆறவிட்டே டின்னில் நிரப்ப வேண்டும். இல்லையேல் உள்ளே வியர்த்துவிடும்.

பூச்சி வராமல் காக்க

பருப்பு கிலோவுக்கு 10 மில்லி விளக்கெண்ணெய் அல்லது சமையல் எண்ணெய் தடவி வைக்கலாம். வேப்பிலை, நொச்சி இலை போடுவதானால் உலர்த்திய பின்பே போடவும். பச்சை இலை ஈரம் கூட்டும். மூட்டைப் பூச்சிக்கென விற்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயு, உறங்குவோர் உயிரையே பறித்துவிடும். மருந்து கலந்த விதையையும் உணவுத் தானியத்துடன் சேர்த்து வைக்கக் கூடாது.

எங்கே வைப்பது?

மூடியுள்ள டின்னில் வாய்வரை நிரப்பி, பரணிலோ உயரமான பலகையிலோ, சுவரை ஒட்டாமல் வைக்கவும். தீப்பெட்டியை இறுக மூடிய பாட்டிலில் போடவும். காய்ந்த விறகையும் குடிநீரையும் மறவாதீர்கள்.

அடுப்பு எரியாத நாளுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை ஆகியவை கைகொடுக்கும். பூசணம் பிடித்த கடலையைக் கழுவினாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. கால்நடைக்கும் கொடாமல் எறிந்துவிட வேண்டும். வெள்ளநீரில் ஊறிய தானியமும் உண்ணத் தகாது.

மாதம் ஒரு முறை டின்னைத் திறந்து, வண்டோ வாடையோ இருக்கிறதா என்று பார்க்கவும். தையில் புது நெல் வந்ததும் பழையதைச் சமைத்துவிட்டு, புதியதை நிரப்பினால் இருப்பும் குறையாது, தானியமும் கெடாது.