ஒரு வானலைக் கருவி, இரண்டு சிம்

மாணவர்களே, கரங்கானிலிருந்து கூலிமுக்குச் செல்லும்போது கைப்பேசியில் காணொளிப் பாடம் பார்க்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வழியில் இணைப்பு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறும். கைப்பேசி சுற்றியுள்ள கோபுரங்களின் அலைவலிமையை அளந்து சொல்லும். மாறுவதா என்பதைக் கட்டமைப்பே முடிவு செய்யும். புதிய கோபுரம் சற்றே வலிமையாக இருந்தால் போதாது. எடுத்துக்காட்டாக 3 டெசிபெல், அதாவது ஏறக்குறைய இரு மடங்குத் திறன், கூடுதலாக வேண்டும் என வரம்பு வைப்பார்கள். இல்லையேல் இணைப்பு இரண்டுக்கும் இடையே பந்தாடப்படும்.

இரண்டு சிம் இருந்தால்? பல கைப்பேசிகளில் இரண்டுக்கும் வானலைக் கருவி ஒன்றுதான். (விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்!) இரண்டாம் சிம்முக்கு அழைப்பு வருகிறதா என்று கேட்க, அக்கருவி நொடியின் சிறு பகுதி முதல் சிம்மை விட்டுப் போய்வரும். அந்நேரம் பார்த்து ‘கோபுரம் மாறு’ என்ற கட்டளை வந்தால் கைப்பேசிக்குக் கேட்காது. மாற்றம் பிந்தும், சில வேளை இணைப்பே அறுந்துவிடும்.

இன்னொரு ஏற்பியைப் பொருத்தலாம். ஆனால் விலையும் மின்கலச் செலவும் ஏறும். 2022இல் நிறைவடைந்த 3ஜிபிபி 17ஆம் பதிப்பு வேறு வழி தருகிறது: ‘இன்ன நேரங்களில் நான் இருக்கமாட்டேன்’ என்று கைப்பேசி முன்கூட்டியே கட்டமைப்பிடம் சொல்லிவிடலாம். கட்டளையும் அந்த இடைவெளிகளைத் தவிர்த்து வரும். இதற்குக் கைப்பேசி, கட்டமைப்பு இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.