கோட்டாற்றின் காவலர் சவேரியார்

1544 ஜூன் மாதம். வடக்கிலிருந்து வந்த வடுகர் படைக்கு அஞ்சி, குமரிமுனைப் பரதவ மக்கள் வீடுவாசலை விட்டுக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒண்டியிருந்தார்கள். பசியும் தாகமும் பலரைக் கொன்றன. சேதி கேட்டதும், மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் 38 வயதுப் பாதிரியார் ஒருவர். எதிர்க்காற்று விடவில்லை, நாள்கணக்கில் போராடியும் தோணிகள் குமரியை எட்டவில்லை. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. பிறகு தரைவழியாகவே போய் அந்த மக்களைப் பார்த்தார்.

அவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார். நாகர்கோவிலின் ஒரு பகுதியான கோட்டாற்றில் ஆலயம் கொண்டிருப்பதால், அந்த ஊர் மக்களுக்குக் ‘கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்’.

மணியோசையும் தமிழ்ச் செபமும்

ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், ஜேவியர் கோட்டையில் 1506-இல் பிறந்தவர். பாரிஸில் படிக்கும்போது, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அந்தச் சபையின் முதல் துறவிகளில் ஒருவரானார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

தூத்துக்குடியில், தமிழறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள்.

வடுகர் படையும் சந்திரகிரியும்

கோட்டாற்றை நோக்கி வந்த வடுகர் படையைச் சவேரியார் சிலுவையை ஏந்தி நின்று தடுத்தார், மனம் குளிர்ந்த வேணாட்டு மன்னர் ஆலயத்துக்கு இடம் தந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

அந்தப் படை விஜயநகரத்துப் படை. காலம் எப்படித் திரும்பியது பாருங்கள்! 1598-இல் அதே பேரரசின் மன்னர் இரண்டாம் வேங்கடபதி, திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள சந்திரகிரியில் அரசாண்டபோது, மயிலாப்பூரிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளைத் தம் அவையில் வரவேற்றார். எவர் படைக்கு அஞ்சிய மக்களுக்காகச் சவேரியார் தோணி ஏறினாரோ, அவர்கள் வாசலில் அவருடைய சபைக்கு மரியாதை கிடைத்தது.

அதைக் காணச் சவேரியார் இல்லை. 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையோரத்துச் சாங்சுவான் தீவில் உயிர் நீத்தார். உடல் கோவாவில் இருக்கிறது. 1622-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பத்து நாள் திருவிழா

கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் உருவானபோது கோட்டாற்றுச் சவேரியார் ஆலயம் அதன் பேராலயமானது. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022-இல் புனிதரான தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் இங்கேதான்.

நவம்பர் இறுதியில் கொடியேறி, டிசம்பர் 3-ஆம் தேதி திருவிழா நிறைவுபெறும். அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் நகரும்போது உப்பும் நல்லமிளகும் மெழுகுதிரியும் காணிக்கையாகக் குவியும். சாதி, மதம் பார்க்காமல் ஊரே கூடும்.

2017-இல் இந்தத் திருவிழா நாள்களில்தான் ஒக்கிப் புயல் அடித்தது. கடலில் சிக்கியவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். ஆபத்தில் இருப்பவரைத் தேடிப் போவதுதான் சவேரியார் இந்தக் கரைக்குக் கற்பித்த பக்தி. அவரிடம் வரம் கேட்கும் நாமும், அடுத்தவர் துயரத்துக்கு ஒரு தோணியாவது எடுக்க வேண்டும். அவருக்கு அதைவிடப் பெரிய காணிக்கை கிடையாது.