உம்ராப் பயணத்தில் எடுத்த படங்கள் பத்திரமா?



2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சாய்ந்தமருதுக் கடற்கரையோர வீடுகளைக் கடல் கொண்டுபோனபோது, அலுமாரிகளில் இருந்த கல்யாண அல்பங்களும் சேர்ந்தே போயின. மௌத்தான பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படமாவது கிடைக்காதா என்று உறவினர் வீடுகளில் தேடித் திரிந்த தாய்மாரை நம்மூர் மறந்திருக்காது. வெளியூர் உறவுக்கு ஒரு பிரதி கொடுத்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

இன்று அல்பம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. உம்ராவுக்குப் போகும் உம்மாவும் வாப்பாவும் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களும் அந்த ஒரே போனில்தான். வுழூச் செய்யுமிடத்தில் அதை மறந்து வைத்துவிட்டால்? (தவாபிலும் படமெடுத்துக்கொண்டே சுற்றுகிறார்களே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) ஒட்டகத்தைக் கட்டிய பின்னரல்லவா தவக்குல்!

சார்ஜ் செய்யும் துளையிலேயே செருகக்கூடிய பென்டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. ஒரு படம் 4 எம்.பி. என்றால் 64 ஜி.பி.யில் சுமார் 15 ஆயிரம் படங்கள் அடங்கும். வீடியோதான் இடத்தை விழுங்கும். மிக மலிவாக, பெரிய கொள்ளளவு எழுதிய பெயரற்ற பொருளை வாங்காதீர்கள். உள்ளே அவ்வளவு இடம் இராது, படங்கள் அழிந்துபோகும். போனுக்குள் இருக்கும் மெமரி காட்டை நம்பியும் பயனில்லை. போன் போனால் அதுவும் போய்விடும். ஹாட் டிஸ்க்கினுள் தகடு சுழல்வதால் கீழே விழுந்தால் பழுதாகலாம். எஸ்.எஸ்.டி.யில் அந்தப் பயமில்லை, விலைதான் கூட.

தங்குமிடத்தில் வைஃபை இருந்தால் இரவில் கூகுள் கணக்கிலும் ஏற்றலாம். மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜி.பி. வரை இலவசம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

சகோதரிகளே, இதில் பர்தா விஷயமும் உண்டு. சாதாரணப் பென்டிரைவுக்குப் பூட்டில்லை. கண்டெடுத்தவர் எவரும் திறந்து பார்க்கலாம். வீட்டுக்குள் தலைத்துணியின்றி எடுத்த படங்களைப் பயணத்துக்கு முன்பே போனிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான்மாரும் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

போனும் பென்டிரைவும் ஒரே கைப்பையில் இருக்க வேண்டாம். ஒன்று உங்களிடம், மற்றது கணவரிடம். ஊர் திரும்பியதும் ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் மகளிடமோ ராத்தாவிடமோ கொடுங்கள். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் லாச்சியில் கிடந்தால் பென்டிரைவிலுள்ள பதிவு மங்கிவிடக்கூடும். ஆகவே வருடத்துக்கொரு முறை, பெருநாள் விடுமுறையிலாவது, செருகித் திறந்து பாருங்கள்.