பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது ஏன்?

வட்டக்கோட்டையை ஒட்டிய கடலோரத்தில், வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினைப் பெட்ரோலில் எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வழக்கம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. கரைசேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் சிரமமின்றி எழும்பும்.

எந்தப் பெட்ரோல் எஞ்சினையும் இப்படி ஓட்டலாமா? கூடாது. காரணம் ஆக்டேன் எண். அது எரிபொருளின் சக்தியைச் சொல்வதல்ல. அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனைச் சொல்வது. பெட்ரோலுக்கு அது 90-க்கு மேல். மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் மண்ணெண்ணெய் எஞ்சின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்தே செய்கிறார்கள். வேகம் கூட்ட ஹெட்டைச் சீவினால் அமுக்கம் ஏறும், எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். கடல் நடுவே அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது ஜெட், அதாவது கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் துளை. துளை சிறிதானால் கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் கொதிக்கும். ஆயிலை எரிபொருளிலேயே கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் மசகும் குறையும். துளை பெரிதானால் கரி படியும், எரிபொருள் வீண். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளுத்திருந்தால் ஜெட் சிறிது, கறுத்திருந்தால் பெரிது, காப்பிப்பொடி நிறமென்றால் சரி. சந்தேகமிருந்தால் ஒரு எண் பெரிய ஜெட்டிலிருந்தே தொடங்குங்கள்.